"இதை ஆர் பார்க்கினம்?" – அம்மாவுடன் மீண்டும் இத்தாலியில்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "கட்டடங்களைப் பற்றிப் பேசுங்கோ, ஆனால் எல்லாருக்கும் விளங்கவேணும்" என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். நான் குடிசார் பொறியியலாளர். எங்கள் கூட்டத்துக்குப் பேசக் கிடைத்தால் சமன்பாடு எழுதத் தொடங்கிவிடுவோம் என்ற பயம் அவருக்கு. ஆகவே சமன்பாடுகளை விட்டுவிட்டு, 2024ஆம் ஆண்டில் என் அம்மாவுடன் இத்தாலிக்குப் போய்ப் பார்த்த நான்கு கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். இதே பள்ளியில் படித்து, இங்கேயே 26 ஆண்டுகள் கணிதம் கற்பித்து, 2008இல் ஓய்வு பெற்றவர். எங்கள் சங்கத்தின் பொருளாளராகவும் சில காலம் இருந்தவர். அவரிடம் கேத்திரகணிதம் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது நான்கு வரிசை இருக்கிறீர்கள். அந்தப் பயம் இன்னும் உங்கள் முகங்களில் தெரிகிறது.

நான் முதன்முதலில் இத்தாலிக்குப் போனது 2002இல். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய பயிற்சிநெறி ஒன்றுக்காக ஆறு மாதம் ரோம் நகரில் இருந்தேன். அங்கிருந்து அம்மாவுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினேன். அதில் பந்தியோன் என்ற பழைய உரோமக் கோவிலின் படமும், பின்புறத்தில் நான் எழுதிய அளவுகளும் இருந்தன. அம்மா அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கணக்காக்கிவிட்டார்: உருளை ஒன்றின் மேல் அரைக்கோளம் ஒன்று இருக்கிறது, உருளையின் உயரம் அதன் ஆரைக்குச் சமன், உள்ளே அடங்கக்கூடிய மிகப் பெரிய கோளத்தின் கனவளவு என்ன? அந்த ஆண்டு மாணவிகளுக்கு இது நினைவிருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி சொல்வார்: "பிள்ளை, அந்தக் கணக்கை ஒருக்கால் நேரில பார்க்கவேணும்." பார்க்கப் போகும்போது அவருக்கு வயது 76. முழங்கால் இரண்டும் நோ. படி ஏற முடியாது, கல் பாவிய தெருவில் கன தூரம் நடக்க முடியாது. எனவே நாங்கள் பத்து நாட்களில் முப்பது இடங்கள் பார்க்கிற பயணம் போகவில்லை. ஓரிடத்துக்குப் போனால் அங்கே கதிரை ஒன்று தேடி அரைநாள் இருந்தோம். கட்டடம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பந்தியோன். இன்றுள்ள கட்டடம் ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126 அளவில் முடிக்கப்பட்டது. குவிமாடத்தின் உள்விட்டம் 43.3 மீற்றர். தரையிலிருந்து உச்சித் துவாரம் வரையான உயரமும் அதே 43.3 மீற்றர். உள்ளே ஒரு முழுக் கோளம் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். கம்பி போடாத கொங்கிறீற்றில் கட்டிய குவிமாடங்களில், 1,900 ஆண்டுகள் கழிந்த பின்னும், உலகில் இதுவே பெரியது.

கம்பி இல்லாமல் எப்படி நிற்கிறது? எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்த சாந்து முதற் காரணம். இரண்டாவது, பாரத்தைக் குறைத்த முறை. அடியில் குவிமாடம் ஏறத்தாழ 6 மீற்றர் தடிப்பு. உச்சியில் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அடியில் கனமான கல்லைக் கலந்தார்கள். மேலே போகப்போக இலேசான கல்லைக் கலந்து, உச்சியில் நுரைக்கல்லைப் போட்டார்கள். உச்சியில் ஏறத்தாழ 9 மீற்றர் விட்டத்துக்குத் திறந்தே விட்டார்கள். மழை பெய்தால் உள்ளே விழும். தரையை நடுவில் மிக மெல்லிய மேடாக அமைத்து, துளைகளால் தண்ணீரை வடிய விட்டிருக்கிறார்கள்.

குவிமாடத்தின் உட்புறத்தில் சதுரக் குழிகள் ஐந்து வளையங்களாக இருக்கின்றன. அம்மா ஒரு வாங்கில் இருந்து, தலையை அண்ணாந்து, விரலால் எண்ணினார். ஒரு வளையத்துக்கு 28. "1, 2, 4, 7, 14. கூட்டிப் பார். திரும்ப 28 தான் வரும்" என்றார். பிறகு, "வட்டத்தை 28 சம துண்டாக்கக் கவராயமும் அடிமட்டமும் காணாது. ஏழு உள்ளே நிக்குது. இவங்கள் அளந்து அளந்து சரிபார்த்திருப்பாங்கள்" என்றார். பக்கத்தில் இருந்த ஓர் இத்தாலிய முதியவர், சேலை கட்டிய இந்த அம்மா என்ன செய்கிறார் என்று பார்த்து, தானும் எண்ணத் தொடங்கினார். தேவாலயங்களில் தோள் மூடியிருக்கவேண்டும் என்ற விதி பலருக்குத் தொல்லை. அம்மா முந்தானையை ஒரு சுற்றுச் சுற்றினார். எந்த வாசலிலும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கணக்கு முடிந்த பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு காலமும் இதை ஆர் பார்க்கினம்?" கட்டியது யார் என்று எல்லோரும் கேட்பார்கள். பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் அம்மாவின் கேள்வி. அதையே நாங்கள் போன இடமெல்லாம் கேட்டார். இனி நான் சொல்லப்போவது அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள்.

பந்தியோனுக்கு விடை இது. கி.பி. 609இல் அதைத் தேவாலயமாக்கினார்கள். அன்றிலிருந்து அங்கே வழிபாடு நடக்கிறது. வழிபாடு நடந்தால் யாராவது கூட்டித் துடைக்கவேண்டும், ஒழுக்கைப் பார்க்கவேண்டும். அதற்கு இழப்பே நேரவில்லை என்று சொல்லமுடியாது. 663இல் ஒரு சக்கரவர்த்தி கூரையை மூடியிருந்த வெண்கலத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போனார். பின்னர் ஈயத்தகடு போட்டு மூடினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு பாப்பரசர் முகமண்டபத்து வெண்கலத்தை எடுத்துப் பீரங்கி வார்ப்பித்தார். ஆனால் கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர் எப்போதும் இருந்தார். 2002இல் நான் காசு கொடுக்காமல் உள்ளே போனேன். 2023 யூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். பொருளாளராக இருந்த அம்மாவுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. "காசு வாங்கட்டும். ஒழுகாமல் வைச்சிருக்கவேணுமே" என்றார்.

அடுத்தது கொலோசியம். பந்தியோனிலிருந்து அதிக தூரம் இல்லை. ஆனால் கதை நேர்மாறு. வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்த பேரரங்கு. ஆறாம் நூற்றாண்டில் விளையாட்டுகள் நின்றுபோயின. அதன் பிறகு அதற்கு நிலையான ஒரு வேலை இல்லை. நிலையான வேலை இல்லாத கட்டடத்துக்கு நிலையான ஆளும் இல்லை. 1349இல் வந்த பூமியதிர்ச்சியில் தென்புற வெளிச்சுவர் சரிந்தது. சரிந்த கல்லை யாரும் திருப்பி வைக்கவில்லை, அள்ளிக்கொண்டு போனார்கள். மாளிகைகளுக்குப் போனது, பாலங்களுக்குப் போனது, புனித பேதுரு பேராலயத்துக்கும் போனது. இன்று அதன் கற்களில் அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும் குழிகள் குண்டு பட்டவை என்று பலர் நினைப்பார்கள். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளை, இரும்புக்காகத் தோண்டி எடுத்த குழிகள் அவை.

அங்கே அம்மாவுக்கு நான் காட்ட விரும்பியது ஓர் இடம். எஞ்சியிருந்த வெளிச்சுவரின் ஒரு முனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழப்போனது. வளைவுகளின் கற்கள் வழுக்கத் தொடங்கிவிட்டன. ஸ்டேர்ண் என்ற கட்டடக் கலைஞர், 1807 அளவில், அந்த வளைவுகளைச் செங்கல்லால் அடைத்து, பக்கத்தில் ஒரு முட்டுச்சுவரும் எழுப்பினார். வழுக்கிய கற்கள் வழுக்கிய நிலையிலேயே இன்றும் நிற்கின்றன. விழுந்துகொண்டிருந்த கட்டடத்தை நடுவழியில் பிடித்து நிறுத்தியது போல இருக்கும். மறுமுனையில் வலாடியர் என்பவர் 1820களில் வேறு விதமாகச் செய்தார்: வளைவுகளைப் பழைய வடிவத்திலேயே, ஆனால் பெரும்பாலும் செங்கல்லில், திரும்பக் கட்டினார். எது பழசு, எது புதுசு என்று பார்ப்பவருக்குத் தெரியும். எங்கள் பயிற்சியில் இந்த இரண்டு முனைகளும் ஒரு முழு வாரப் பாடம். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆள் வர ஆயிரத்து இருநூறு வருசம் பிந்திப்போச்சு" என்று சுருக்கிவிட்டார்.

ரோமிலிருந்து புளோரன்ஸ் நகருக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அங்குள்ள பேராலயத்துக்கு 1296இல் அத்திவாரம் இட்டார்கள். கிட்டத்தட்ட 45 மீற்றர் அகலமான எண்கோண வெளியை மேலே திறந்துவிட்டு, அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். வளைவு கட்டுவதென்றால் கீழே மரச்சாரம் வேண்டும்; அவ்வளவு அகலத்துக்கும் உயரத்துக்கும் சாரம் போட மரத்துக்கு எங்கே போவது? 1418இல் போட்டி வைத்தார்கள். பொற்கொல்லராகப் பயின்ற புரூணலெஸ்கி, நிலத்திலிருந்து சாரம் இல்லாமலே கட்டுகிறேன் என்றார். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள். உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரட்டை ஓடு.

உச்சிக்குப் போக 463 படிகள். அம்மா அந்த எண்ணைக் கேட்டதுமே கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே பேராலயத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே லிப்ற் இருக்கிறது. மர மாதிரியுருக்கள், கட்டும்போது பயன்பட்ட கப்பிகள், செங்கல் அச்சுகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். சாரம் இல்லாமல் எப்படி நின்றது என்று நான் விளக்கத் தொடங்கினேன்: செங்கற்களை மீன்முள் போல மாறிமாறி அடுக்கி, சாந்து காயும்வரை வழுக்காமல் பூட்டினார், ஒவ்வொரு வரிசையும் வளையமாக மூடியதும் தன்னைத்தானே தாங்கும். அம்மா இடையில் மறித்தார். "கிணறு கட்டுறது தானே? வளையம் பொருந்தினால் கல்லு உள்ளுக்கு விழாது. ஒண்டை ஒண்டு நெரிச்சுப் பிடிக்கும்." கல் கட்டிய கிணற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு அதே கேள்வி. புளோரன்ஸ் கொடுத்த விடைதான் நாங்கள் இந்தப் பயணத்தில் கேட்டவற்றில் சிறந்தது. 1296இல் அத்திவாரம் போட்டபோதே, கட்டுவதையும் காப்பதையும் பொறுப்பேற்க 'ஒப்பேரா' என்று ஒரு சபையை நகர மக்கள் நிறுவினார்கள். அந்தச் சொல்லுக்கு 'வேலை' என்று பொருள். அது இன்றும் இருக்கிறது. நாங்கள் ரிக்கற் வாங்கியதே அந்தச் சபையிடம்தான். அதற்குச் சொந்தமாகக் கற்தச்சர் பட்டறை உண்டு. வெளிச்சுவரில் ஒரு பளிங்குத் துண்டு தேய்ந்தால், அதே மாதிரி வெட்டி வைக்க ஆள் இருக்கிறார். குவிமாடத்தில் வெடிப்புகள் உண்டு. அவை அசைகின்றனவா என்று கருவிகள் பொருத்தி அளந்துகொண்டே இருக்கிறார்கள். பேராலயத்தின் முகப்பு முடிந்தது 1887இல். ஏறத்தாழ 600 ஆண்டுகள்! சபை அவசரப்படவும் இல்லை, கலையவும் இல்லை.

அந்தச் சபை தன் கணக்குப் புத்தகங்களையும் வைத்திருக்கிறது. குவிமாடம் கட்டிய காலத்துப் பதிவுகள், யாருக்கு எவ்வளவு கூலி, எந்தச் சூளையில் எத்தனை கல் என்பதெல்லாம், இன்று இணையத்தில் வாசிக்கலாம். மைக்கலாஞ்சலோவின் சிற்பத்துக்கு முன்னால் அமைதியாக நின்ற அம்மா, இதைக் கேட்டதும்தான் வியந்துபோனார். "அறுநூறு வருசத்து வவுச்சரோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பொருளாளராக இருந்தவர்களுக்கு அந்த வியப்பு விளங்கும்.

கடைசியாகப் பீசா. அந்தச் சாய்ந்த கோபுரத்தை அறியாதவர் இல்லை. 1173இல் தொடங்கினார்கள். மூன்றாம் மாடி அளவில் சாய்வு தெரிந்தது. அடியில் இருந்த களிமண் மென்மையானது. சில ஆண்டுகளில் வேலை நின்று, ஏறத்தாழ நூறு ஆண்டு அப்படியே கிடந்தது. அந்த நூறு ஆண்டில் களிமண் பாரத்துக்குக் கீழே மெல்ல இறுகியது. நிறுத்தாமல் தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும். 14ஆம் நூற்றாண்டில் முடித்தார்கள். அதன் பிறகும் சாய்வு கூடிக்கொண்டே போனது.

1989இல் பாவியா என்ற ஊரில் பழைய கோபுரம் ஒன்று முன்னறிவிப்பில்லாமல் இடிந்து, நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பீசா கோபுரத்தை மூடிவிட்டு, ஒரு குழுவை அமைத்தார்கள். முதலில் வடபுறத்து அடியில் பல நூறு தொன் ஈயக் கட்டிகளை ஏற்றினார்கள். பிறகு, வடபுறத்து மண்ணைத் துளைக்கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். ஒரு நாளைக்கு மிகச் சிறிதளவு, எடுத்தபின் அளவு, பிறகு மீண்டும். சாய்வு அரைப் பாகை குறைந்தது. உச்சி ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் திரும்பி வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2001 டிசெம்பரில் மீண்டும் திறந்தார்கள். நான் அதை முதன்முதலில் பார்த்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அம்மா புல்வெளி ஓரத்து மதிலில் இருந்து மனக்கணக்குப் போட்டார். உயரம் 56 மீற்றர், சாய்வு இப்போது 4 பாகை, தான்சன் 0.07, ஆகவே உச்சி நிலைக்குத்திலிருந்து ஏறத்தாழ 3.9 மீற்றர் வெளியே. சரியான விடை அதுதான். சுற்றிவர எல்லோரும் கோபுரத்தைக் கையால் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "உண்மையாத் தாங்கினது அந்தக் குழு தான். அவையின்ரை படம் ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

சகோதரிகளே, நான்கு கட்டடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கல்லின் தரம் மட்டும் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை. கொலோசியத்தின் கல்லும் நல்ல கல்தான். பயன்பாடும், பொறுப்பாளரும், கணக்குப் புத்தகமும் இருந்த இடத்தில் கட்டடம் நின்றது. மூன்றும் இல்லாத இடத்தில் அது கற்குவாரி ஆனது.

இதை இன்று இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பழைய மண்டபத்தின் மேற்குப் பக்கம் மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை இடித்து மூன்று மாடிக் கட்டடம் கட்டுவதா, திருத்துவதா என்று நூற்றாண்டு நிதி பற்றிய கூட்டங்களில் இரண்டு கருத்து நிலவுகிறது. 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது, அந்த மண்டபத்தில் பாதி ஓடு இல்லை. ஆசிரியைகளும் பெற்றோரும் எஞ்சிய ஓடுகளைப் பொறுக்கி அடுக்கித்தான் வகுப்பு நடந்தது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் இடிக்க மனம் வராமல் இருப்பது இயல்பு. பிள்ளைகளுக்கு வகுப்பறை போதாது என்று சொல்பவர்களின் கவலையும் நியாயமானது.

பொறியியலாளராக நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை; உறுதியாக இருக்கின்றன. கூரையின் பனஞ்சிலாகைகளில் மேற்கு மூலையில் உள்ளவை மட்டும் உக்கியிருக்கின்றன. காரணம் பீலி அடைத்து, மழைத்தண்ணீர் வழிந்தது. பிற்காலத்தில் சுவரின் அடிப்பகுதிக்குப் பூசிய சீமெந்து ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசவேண்டும். இதே சீமெந்துப் பூச்சு இத்தாலியிலும் பல பழைய சுவர்களைக் கெடுத்திருக்கிறது. திருத்தக்கூடிய கட்டடம் இது. புதிய வகுப்பறைகளை வடக்கு வளவில் கட்டலாம், இடம் இருக்கிறது.

ஆனால் எந்த முடிவை எடுத்தாலும், புதிய கட்டடமும் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் முப்பது வருடத்தில் இதே நிலைக்குத்தான் வரும். ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவர இருக்கிறேன். முதலாவது, ஐந்து பேர் கொண்ட நிலையான பராமரிப்புக் குழு. நிர்வாகம் மாறினாலும் குழு கலையக்கூடாது. இரண்டாவது, நூற்றாண்டு நிதியில் ஐந்திலொரு பங்கை நிலையான வைப்பிலிட்டு, வட்டியைப் பராமரிப்புக்கு மட்டும் செலவிடுதல். மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதியில், மாரி தொடங்க முன்னர், கூரை, பீலி, சுவர் எல்லாவற்றையும் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதுதல். அந்தப் புத்தகம் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிப்பது பற்றியும் பேச்சு வந்தது. பந்தியோனின் நெற்றியில் பெரிய எழுத்தில் இருப்பது அகிரிப்பாவின் பெயர். அதே இடத்தில் முன்பு ஒரு கோவில் கட்டி, அது எரிந்துபோனவர் அவர். இன்றைய கட்டடத்தைக் கட்டி முடித்த ஹேட்ரியன் தன் பெயரைப் பொறிக்காமல், முன்னவர் பெயரையே வைத்தார். எங்கள் மண்டபத்தின் வாசலிலும் நூறு ஆண்டுக்கு முற்பட்ட பெயர்கள் சில இருக்கின்றன. திருத்தி முடித்தபின் அவை அப்படியே இருக்கட்டும். எங்கள் பெயர்கள் அந்தப் பராமரிப்புப் புத்தகத்தில், திகதியோடும் கையொப்பத்தோடும் இருந்தால் போதும்.

பிரேரணையை வழிமொழிய விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.